சமுத்திரத்தின் நெஞ்சும் மாரீஸ்வரியின் கண்ணும்

இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனிகளுக்குக் குறைவில்லை. அதில் ஒன்றில் செக்கிங் மேசையில் உட்கார்ந்திருப்பவள் மாரீஸ்வரி. வெளுத்துக் காய்ந்து வரும், காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியைக் கண்ணாடி மேசை மேல் விரித்து, அடியில் எரியும் டியூப் லைட் வெளிச்சத்தில் இழை அறுந்திருக்கிறதா, கறை பட்டிருக்கிறதா, தலைமுடி எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுவது அவள் வேலை. மற்ற பெண்கள் துணி நன்றாகத்தான் இருக்கும் என்ற நினைப்போடு பார்ப்பார்கள். மாரீஸ்வரி அப்படியில்லை. எங்கேயோ ஒரு குறை ஒளிந்துகொண்டு தன்னை ஏமாற்றப் பார்க்கிறது என்ற முடிவோடு உட்காருவாள். அதனால் அவள் மேசையைத் தாண்டிப் போன சரக்கு திரும்பி வருவது அபூர்வம். சூப்பர்வைசர் ஒருநாள் அவளை எல்லார் முன்னாலும் பாராட்டினார். எதற்காகப் பாராட்டினார், எதை நம் தலையில் கட்டப் போகிறார் என்று அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தக் கண்ணைக் கம்பெனி வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வரத் தெரிந்திருந்தால் வீட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பார்கள். அவளுக்கு அது தெரியவில்லை. பால்காரர் பாலில் மட்டுமல்ல, அளக்கிற செம்பிலும் ஏதோ செய்திருக்கிறார் என்பாள். பக்கத்து வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால், ஜன்னல் ஓரம் போய் நின்று தன் பெயர் அடிபடுகிறதா என்று கேட்பாள். அதற்காக ஆள் கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. தெருவில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சியோடு முதலில் போய் நிற்பவளும் அவள்தான். நிஜக் காய்ச்சல்தானா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கஞ்சியை ஊற்றுவாள், அவ்வளவுதான்.

அவள் புருஷன் சமுத்திரம் நூல் மில்லில் பஞ்சு குடோன் ஆள். லாரியில் வரும் பொதிகளை இறக்குவதும் அடுக்குவதும், மிக்சிங் பக்கம் தள்ளிக்கொண்டு போவதுமாக ஆயுசில் பாதியைப் பஞ்சோடு கழித்தவர். அதிகம் பேசமாட்டார். எந்தப் பேச்சு ஆரம்பித்தாலும் அது விசாரணையில் போய் முடிகிறது என்பதைக் கல்யாணமான புதிதிலேயே தெரிந்துகொண்டு வாயைச் சுருக்கிக்கொண்டவர்.

சமுத்திரத்துக்கு உடன்பிறப்பு என்று இருப்பது ஒரே அக்காள், சுடலையம்மாள். மம்சாபுரத்தில் இருக்கிறாள். புருஷனை இழந்தவள், பிள்ளைகள் இல்லாதவள். அந்த அக்காள் வீட்டு வாசலைச் சமுத்திரம் மிதிக்கக்கூடாது என்பது மாரீஸ்வரியின் சட்டம். காரணம் மகளின் சடங்கு அன்று நடந்தது. சபை கூடியிருந்த நேரத்தில் பிள்ளையின் தோடு ஒன்றைக் காணவில்லை. அத்தைக்காரிதான் அலங்காரம் பண்ணிக்கொண்டிருந்தாள். "மதினி, ஒங்க பைய செத்த உதறிக் காட்டுங்க" என்று மாரீஸ்வரி எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டாள். சுடலையம்மாள் பையை உதறிக் காட்டிவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறிப் போனாள். மறு வாரம் அந்தத் தோடு பூமாலைக் கூடைக்குள் கிடைத்தது. வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டிருப்பார்கள். மாரீஸ்வரியோ, மதினிதான் பயந்துபோய் யார் மூலமாகவோ திருப்பி வைத்துவிட்டாள் என்று சொன்னாள். பிள்ளை வளர்ந்து, தளவாய்புரத்தில் கட்டிக்கொடுத்து, அவளுக்கும் குழந்தை பிறந்தாகிவிட்டது. ஆனால் அத்தைக்காரி வீட்டோடு மட்டும் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.

தைப் பொங்கல் கழிந்து சமுத்திரத்துக்கு நெஞ்சில் ஏதோ செய்ய ஆரம்பித்தது. உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று உள்ளே யாரோ ஓடுவது மாதிரி இருக்கிறது என்றார். கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது என்றார். மாரீஸ்வரி பதறிப்போய்த்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஈசிஜி எடுக்கும் எலியேசர் என்ற பையன், கையிலும் காலிலும் கிளிப் மாட்டி, நெஞ்சில் ஜெல் தடவி, ரப்பர் உருண்டைகளை ஒட்டி எடுத்தான். மிஷின் கட்டம் போட்ட தாளைத் துப்பியது. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். அடுத்த மாதமும் அதே ஓட்டம், அதே ஈசிஜி, அதே பதில். மூன்றாவது முறையும் தாள் சுத்தமாக வந்தபோது மாரீஸ்வரியின் பதற்றம் காலியாகி, அந்த இடத்தில் பழைய குணம் வந்து உட்கார்ந்துகொண்டது. முதலில் மிஷின் மேல் சந்தேகம் வந்தது. பிறகு, வேறு யாருடைய தாளையோ கொடுத்துவிட்டான் என்று எலியேசர் மேல் வந்தது. கடைசியில் புருஷன் மேல் வந்து நின்றது.

"வேலைக்குப் போக வலிச்சா வலிக்குன்னு சொல்லுங்க. நெஞ்ச ஏன் இழுக்கிய? நடிக்கதுக்கும் ஒரு அளவு இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு சமுத்திரம் நெஞ்சைப் பற்றி வீட்டில் பேசவில்லை. பேசாமல் போனதும் அவளுக்குச் சந்தேகமாகவே இருந்தது. வலி போய்விட்டதென்றால் வந்து சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை என்றால் புலம்பியிருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் ஒரு மனுஷன் அமைதியாக இருக்கிறான் என்றால் அவன் ஆறுதல் தேடிக்கொள்ளும் இடம் வேறு எங்கோ இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் வேலை முடிந்து தாமதமாக வருகிறார். வந்தால் பசி இல்லை என்கிறார். சட்டையில் பஞ்சுத் தூசு இல்லை. செக்கிங்காரிக்கு இது போதாதா?

மில்லில் வருஷாந்திர மருத்துவ முகாம் வந்தது. அங்கே வந்த இதய டாக்டர் கேத்ரின், சமுத்திரம் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். மூன்று ஈசிஜியையும் வாங்கி வைத்துக்கொண்டு பார்த்தார். ஈசிஜி எடுக்கிற அந்தச் சில நொடியில் நெஞ்சு ஒழுங்காக இருந்தால் தாளும் ஒழுங்காகத்தான் வரும். தெருவில் திருடன் இல்லாத நேரத்தில் போட்டோ எடுத்துவிட்டு ஊரில் திருடனே இல்லை என்று சொல்ல முடியாது என்றார். ஒரு நாள் முழுக்க உடம்பிலேயே மாட்டிக்கொண்டு திரியும் பெட்டி ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுப் பார்ப்போம் என்று, ஈசிஜி எடுத்த அதே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்.

எலியேசர்தான் பெட்டியையும் மாட்டினான். நெஞ்சு முடியைச் சவரம் செய்து, வட்ட வட்டமாக ஒட்டிகளை ஒட்டி, வயர்களைக் கோத்து, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு பெட்டியைக் கழுத்தில் தொங்கவிட்டான். குளிக்கக்கூடாது, வழக்கம்போல வேலைக்குப் போகலாம், படபடப்பு வந்தால் இந்தப் பட்டனை அமுக்க வேண்டும், அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம் என்று ஞாபகம் வைத்துக்கொண்டு வந்து டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றான். சமுத்திரம் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனதும் மாரீஸ்வரி குரலைத் தாழ்த்தி, ஆள் எங்கெங்கே போகிறார், யாரோடு பேசுகிறார் என்பதையும் பெட்டி பிடித்து வைக்குமா என்று கேட்டாள்.

"இது நெஞ்ச மட்டும்தான்க்கா எழுதும். ஊர எழுதாது" என்று எலியேசர் சிரித்தான்.

சரி, ஊரை நாம் எழுதிக்கொள்வோம் என்று அவள் அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

அன்று மதியம் சமுத்திரம் இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பினார். இஸ்திரி போட்ட சட்டை. குடோனுக்குப் போகிறவருக்கு இஸ்திரிச் சட்டை எதற்கு என்று கேட்டதற்கு, வயர் தெரியாமல் இருக்க என்றார். மாரீஸ்வரி தலையை ஆட்டினாள். வயிற்று வலி என்று கம்பெனிக்குப் போன் பண்ணி லீவு சொல்லியிருந்தாள். அவர் தெரு முக்கைத் திரும்பியதும் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.

மில் பக்கம் போகவேண்டிய மனிதர் ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ்ஸில் ஏறினார். அவள் பின்வாசல் வழியாக ஏறி, கூடைக்காரிகளுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டாள். பெண்களுக்குப் பஸ்ஸை இலவசமாக்கியவர்கள் இதற்காக அதைச் செய்யவில்லை. ஆனாலும் அன்றைக்கு அவளுக்கு அது ரொம்பவே உதவியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, சேவு பொட்டலமும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கினார். வாங்குகிற தோரணையை அவள் கண் கொட்டாமல் பார்த்தாள். தனக்கென்று அவர் ஒரு பழம் வாங்கி வந்து எத்தனை நாளாகிறது! அவர் மம்சாபுரம் போகும் மினி பஸ்ஸில் ஏறினார். அவள் ஷேர் ஆட்டோவில் தொடர்ந்தாள். அந்த ஊர்ப் பெயரை ஆட்டோக்காரர் சொன்னபோதே அவளுக்கு முக்கால் வாசி புரிந்துவிட்டது. வேறு எவளோ என்று நினைத்து வந்தவளுக்கு, அக்காள்காரிதான் என்று தெரிந்ததும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதைவிட இது மோசம் என்று பட்டது.

சுடலையம்மாள் வீட்டுக்கு எதிரே தெருக்குழாய்க்காக வைத்த ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. அதன் பின்னால் மாரீஸ்வரி நின்றாள். வெயில் சாயும் நேரம், காட்டு வேலைக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை, தெரு வெறிச்சென்று கிடந்தது. முற்றத்தில் பச்சைப் பிளாஸ்டிக் நாற்காலியில் சமுத்திரம் உட்கார்ந்திருந்தார். அக்காள் தட்டில் எதையோ கொண்டுவந்து கொடுத்தாள். அவர் ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். அந்த வீட்டில் அவர் எவ்வளவு பேசுகிறார்! பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். கையை நெஞ்சில் வைத்துச் சட்டையை இறுக்கிப் பிடித்தார். தலை குனிந்தது. சுடலையம்மாள் ஓடிவந்து முதுகைத் தடவினாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

அழுகிறார். என்னைப் பற்றிச் சொல்லி அழுகிறார். மாரீஸ்வரிக்குத் தோன்றியது இதுதான். பெண்டாட்டி கொடுமை என்று அக்காள் மடியில் போய் ஒப்பாரி வைக்கிறார், அவளும் தேற்றுகிறாள். அதற்கு மேல் பார்க்கப் பொறுக்காமல் திரும்பி விறுவிறுவென்று நடந்தாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஒரு யோசனைதான். இதை இன்றைக்குக் கேட்டால் வீணாகப் போகும். மகளும் மருமகனும் வந்திருக்கும் ஒரு நாளில், சாப்பாடு நடுவில், நிதானமாக எடுத்து வைக்க வேண்டும். இராத்திரி சமுத்திரம் வந்தபோது முகம் வெளிறியிருந்தது. குடோனில் லோடு அதிகம் என்றார். அப்படியா என்று கேட்டுவிட்டு அவள் சோறு போட்டாள்.

மறுநாள் சாயங்காலம் டாக்டர் கேத்ரின் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். எலியேசர் கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றான். பெட்டி எழுதியது திரையில் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் நல்ல விதமாகத்தான் விளக்கினார். ஒவ்வொரு உயர்ந்த கோட்டுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கிறது பாருங்கள், அது இருந்தால் நெஞ்சு தன் ஒழுங்கில் அடிக்கிறது என்று அர்த்தம் என்றார். பிறகு ஓரிடத்தில் நிறுத்தினார். அங்கே கோடுகள் ஒன்றோடு ஒன்று நெருங்கி, நெல் நாற்று மாதிரி அடர்ந்து நின்றன. மேடு இருக்கிறதா இல்லையா என்று அந்த வேகத்தில் தெரியவில்லை. அந்த ஓட்டம் எப்படி ஆரம்பித்தது என்று பார்த்தால் நோயின் வேர் தெரிந்துவிடும். ஆனால் ஆரம்பிக்கிற இடத்தில் கோடு கலங்கிக் கிறுக்கலாக இருந்தது. பட்டனும் அமுக்கவில்லை.

"நேத்து சாயங்காலம் நாலு மணி வாக்குல என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

சமுத்திரம் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். "குடோன்ல பொதி ஏத்திக்கிட்டு இருந்தேன் டாக்டர்."

டாக்டர் முகம் தெளிந்தது. பொதி தூக்கினால் நெஞ்சு வேகமாகத்தான் அடிக்கும், தோள் அசைந்தால் வயர் இழுபட்டுக் கோடும் இப்படிக் கலங்கும், இரண்டுக்கும் காரணம் தெரிந்துவிட்டது என்றார். இதே வேகம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்திருந்தால் இன்றைக்கே மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன் என்றும் சொன்னார். பயப்பட ஒன்றும் இல்லை, ஒரு சின்ன மாத்திரை எழுதித் தருகிறேன், நாளைக்கே வேலைக்குப் போகலாம் என்று பேனாவை எடுத்தார்.

மாரீஸ்வரி அந்தப் பேனாவையே பார்த்தாள். பிழைக்க வழி செய்கிறேன் என்று யாராவது சொன்னால், இதில் இவர்களுக்கு என்ன லாபம் என்று தேடுவது அவள் வழக்கம். மதுரைக்குப் போ என்று டாக்டர் சொல்லியிருந்தால் அதைத் தேடியிருப்பாள். இங்கேயோ, ஒன்றும் இல்லை வீட்டுக்குப் போ என்கிறார்கள். சந்தேகப்பட அங்கே ஆளே இல்லை. பொய் சொன்னவர் ஒருவர், அந்தப் பொய்யைத் தெரிந்தவள் ஒருத்தி. நேற்றுப் பார்த்த அந்த முற்றம் அவள் கண்ணுக்குள் வந்தது. பச்சை நாற்காலி, நெஞ்சுச் சட்டையை இறுக்கிய கை. அழுகை என்று நினைத்தாளே, கண்ணீரைப் பார்த்தாளா? பார்க்கவில்லை.

வாயைத் திறந்தால் திருடி மாதிரி பதுங்கிப் போய்ப் புருஷனை வேவு பார்த்தவள் என்று ஆகிவிடும். எலியேசர் நிற்கிறான். நாளைக்குக் கம்பெனி வரைக்கும் போகும். பேனா தாளில் ஓட ஆரம்பித்தது.

"இல்ல டாக்டரம்மா. அவிய பொதி தூக்கல" என்றாள். "நாற்காலியில உக்காந்துதான் இருந்தாவ. பேசிக்கிட்டே இருந்தவிய, சட்டுன்னு நெஞ்சப் பிடிச்சிட்டாவ. அந்தக் கோடு கலங்கினது அதுலதான் இருக்கும்."

சமுத்திரம் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் கூட இல்லை. திருடன் வீட்டுக்குள் நுழைந்த பிறகு, கதவு எப்போதுமே திறந்துதான் இருந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டவர் மாதிரி பார்த்தார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் டாக்டர்.

"பின்னாலயே போயிப் பாத்தேன்."

டாக்டர் பேனாவை மூடினார். சமுத்திரத்திடம், உட்கார்ந்திருக்கும்போதுதான் வந்ததா, அப்போது கண் இருட்டியதா, மயங்கி விழுந்தீர்களா என்று கேட்டார். உட்கார்ந்திருந்தது நிஜம்தான், மயக்கமெல்லாம் இல்லை என்று அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். மயக்கம் இருந்ததா இல்லையா என்பது முக்கியம், அதை வைத்துத்தான் இன்றைக்கே அனுப்புவதா, நாள் குறித்து அனுப்புவதா என்று முடிவு பண்ண வேண்டும் என்று டாக்டர் மறுபடி கேட்டார். அவர் மறுபடி இல்லை என்றார். மயங்கினேன் என்று தெரிந்தால் குடோனில் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்ற பயம் அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கக்கூடாதா?" என்று மாரீஸ்வரி கேட்டாள்.

"சொன்னேன்லா. நடிக்கேன்னு சொன்ன" என்றார் அவர். குரல் உயரவே இல்லை.

அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். இவர் அக்காளுக்குத் தெரியும், நான் பாதியில் வந்துவிட்டேன், அக்காளிடமே கேளுங்கள் என்று சொன்னாள். அக்காள் நம்பரைத் தரச் சமுத்திரம் தயங்கினார். பிறகு போனை எடுத்து நீட்டினார். அக்காள் நம்பரைக் 'கேஸ் புக்கிங்' என்ற பெயரில் போட்டு வைத்திருந்தார். மாரீஸ்வரி அதைப் பார்த்தாள். நம்பரை அமுக்கி, ஸ்பீக்கரில் போட்டாள்.

சுடலையம்மாள் "சொல்லுய்யா" என்று ஆசையாகத்தான் எடுத்தாள். மாரீஸ்வரி தன் பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் குரல் இறுகியது. டாக்டர் கேட்கிறார், நேற்று அங்கே வந்திருந்தபோது இவர் மயங்கி விழுந்தாரா என்று மாரீஸ்வரி கேட்டாள்.

"அவன் இங்க எதுக்கு வாரான்? அவன் வந்து வருசக்கணக்காச்சு. வேற யாரையாச்சும் பிடிச்சுக் கேளு."

தம்பியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவள் சாதித்தாள். டாக்டரே பேசினார். எவளையோ பேச வைத்து நாடகம் போடுகிறாயா என்று சுடலையம்மாள் கேட்டாள். எத்தனை பேரை மாரீஸ்வரி இப்படி நம்பாமல் குடைந்திருப்பாள்! இன்றைக்கு அவள் நிஜத்தைச் சொல்லிக்கொண்டு நிற்கிறாள், கேட்கிறவள் ஒரு சொல்லைக்கூட நம்பவில்லை. அது எப்படி இருக்கும் என்று இதுவரை அவளுக்குத் தெரியாது.

"மதினி, போன வச்சிராதிய" என்றாள். "பச்ச நாற்காலியில இருந்தாவ. நீங்க முதுகத் தடவுனிய, முந்தானையால மொகத்தத் தொடச்சிய. எதுத்தாப்புல தொட்டிக்குப் பின்னால நின்னு நான் பாத்தேன். அழுதாவன்னு நெனச்சுப் போயிட்டேன். சண்டைக்குக் கேக்கல மதினி. ஒங்க தம்பி உசுரு. நெசத்தச் சொல்லுங்க."

சுடலையம்மாள் குரலில் இருந்த இறுக்கம் விட்டுப்போனது.

"நீ பாத்தேங்கியே, அதுக்குப் பொறவுதான்டி. நாற்காலியோட சாஞ்சுட்டான். கண்ணு சொருகிப் போச்சு. நான் தெருவுல ஓடியாந்து, யாராச்சும் வாங்களேன், வாங்களேன்னு கத்துனேன். ஒரு ஆளு இல்ல."

டாக்டர் எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, மதுரைக்குப் போன் செய்ய எழுந்தார். எலியேசர் சமுத்திரத்தைக் கட்டிலில் படுக்க வைத்தான். மாரீஸ்வரி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

"நான் இருந்தேனே மதினி" என்றாள். "நீங்க கத்துனதுக்குச் செத்த நேரத்துக்கு முந்தி வரைக்கும் நான் அங்கனதான இருந்தேன்."